அப்பாயி ஒயிட்

சேவூர்
ஆடி 14

அன்றைக்கு இருந்தவர்கள்: உன் அப்பன் மகுடேஸ்வரன். உன் அம்மா சாந்தாமணி. பெயிண்ட் அடிக்க வந்த சாத்தூர்க்காரன் முனீஸ். டிரைவர் அங்கமுத்து. நீ. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு வந்து நின்ற நான். ஆறு பேர். நாளைக்கு உன் அம்மா, தன் அக்காவும் இருந்தாள், யோசனை சொன்னது அவள்தான் என்று பேச்சை மாற்றுவாள். அவள் அக்கா முந்தின வாரம் வந்து எட்டுத் தோசை தின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு இல்லை.

கீர்த்தனா கண்ணு, நலமா என்று நான் கேட்கவில்லை. போன் அடிக்காதே. எனக்குக் காது கேட்பதில்லை என்பது ஒன்று. போனில் சொன்னதை உன் அப்பன் சொல்லவே இல்லை என்று சாதிப்பான் என்பது இன்னொன்று. நான் மூணாவது வரைக்கும் படித்தவள், அது போதும். நம் கம்பெனியில் இருந்து பிசிறு வெட்டக் கொடுக்கிற பனியன் கட்டுகளோடு அங்கமுத்து தினமும் இந்த ஊருக்கு வருகிறான். பதில் இருந்தால் அவனிடம் கொடுத்தனுப்பு.

உன் கல்யாணத்தை உறுதிசெய்ய, உப்புச்சக்கரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று வீட்டுக்குள் அடிக்க ஒரு வெள்ளை தேடினீர்கள். பதினோரு நாள் தேடினீர்கள். முனீஸ் ஹால் சுவரில் எட்டுக் கட்டம் அடித்து வைத்தான். எனக்கு எட்டும் ஒரே வெள்ளை. உனக்கு ஒன்று நீலம் தட்டியது, ஒன்று மஞ்சள் தட்டியது, ஒன்று ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது, இன்னொன்று கேக் கடை மாதிரி இருந்தது. "வெள்ளையா இருக்கோணும் அப்பாயி, ஆனா சூடா இருக்கோணும்" என்று என் காதுக்குள் கத்தினாய். "செவுத்துக்கு என்ன கண்ணு, காய்ச்சலா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அதுவரைக்கும் நானும் அந்த வீட்டு மனுஷியாகத்தான் இருந்தேன்.

என் அறைச் சுவருக்குப் பட்டி பூசுவதற்காக என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஹாலில் வைத்தீர்கள். நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் சாப்பாட்டு மேசையில் என் கோடிச் சேலை. முந்தானையில் ஓர் ஓட்டை. இம்மி பிசகாத வட்டம். கம்பெனியில் துணியின் எடை பார்க்க அழுத்தித் திருகி வெட்டுவீர்களே, அந்தக் கட்டர் பக்கத்தில் இருந்தது. வெட்டிய துண்டு முனீஸ் கையில்.

உன் அப்பாரு, என் வீட்டுக்காரர், செத்த அன்றைக்கு, என் அண்ணன் சாமியப்பன் பொறந்த ஊட்டுக் கோடியாகக் கொண்டுவந்து என் தோளில் போட்ட வெள்ளைச் சேலை அது. அன்று ஒருநாள்தான் உடுத்தினேன். துவைத்து மடித்து வைத்துவிட்டேன். நான் செத்தால் என்மேலும் பொறந்த ஊட்டுக் கோடி விழ வேண்டும். அண்ணன் போய்விட்டான், அவனுக்குப் பிள்ளை இல்லை. கொண்டுவர ஆள் இல்லாததால் அன்று கொண்டுவந்ததையே வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வருஷம் இருட்டில் கிடந்து பழுத்த நிறம் அது. உனக்குச் சூடாகத் தெரிந்தது அதுதான்.

 சேலையை மடித்துப் பையில் வைத்தேன். இரண்டு இட்லி தின்றேன். பஸ் ஏறினேன். பஸ் வரும்வரை கூட நின்றவன் முனீஸ் ஒருவன், கையெல்லாம் பட்டியோடு.

வெட்டின துண்டு எனக்கு வேண்டும்.

பொன்னாத்தாள்


ராயபுரம், திருப்பூர்
3.8.2024

அன்புள்ள அப்பாயிக்கு,

பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதியதில்லை. இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தப்பாக ஏதாவது எழுதினால் மன்னித்துவிடுங்கள்.

சத்தியமாக அது கோடிச் சேலை என்று எனக்குத் தெரியாது. உங்கள் பழைய சேலைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன். அதை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன். பதினோரு நாளாக எதைத் தேடினேனோ அது. எங்கள் வேலையில் ஒரு நிறம் பிடித்துவிட்டால் உடனே ஒரு துண்டு வெட்டிவிடுவோம். வெளிநாட்டுக்காரர்கள் தாங்கள் போட்டிருக்கும் சட்டையின் ஓரத்தையே வெட்டிக் கொடுத்து இதே நிறத்தில் வேண்டும் என்பார்கள். கையில் துண்டு இல்லாவிட்டால் எங்களுக்கு அது நிறமே இல்லை. அந்தப் பழக்கத்தில் அங்கமுத்து அண்ணனிடம் வேனில் இருந்த கட்டரை எடுத்துவரச் சொன்னேன். வெட்டியது நான்தான்.

ஆனால் கண்டபடி வெட்டவில்லை அப்பாயி, அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் சேலையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அப்பா வந்து, "அந்த ஓரம் வேண்டாம் கண்ணு, உள்மடிப்புல மைக்கறை இருக்கும், இந்தப் பக்கம் வெட்டு" என்று காட்டிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்திலேயே நீலக் கறை. அந்தப் பக்கத்தில் ஒரு நூல்கூட அறுபடவில்லை.

துண்டைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம். முனீஸ் அடித்த எட்டு வெள்ளையும் மூன்று வெளிச்சத்தில் மூன்று விதமாகத் தெரிந்தவை. உங்கள் சேலை எதிலும் மாறவில்லை. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெயிண்ட் கடையில் மிஷின் துணியைப் படித்து அப்படியே கலந்து கொடுத்தது. டின்னில் எழுத ஒரு பேர் கேட்டார்கள். 'அப்பாயி ஒயிட்' என்று எழுதச் சொன்னேன். பாசத்தில்தான் சொன்னேன்.

ஹால் முழுக்க இரண்டு கோட்டிங் முடிந்துவிட்டது. சாயங்கால வெயில் விழும்போது சுவர் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது.

ஆவணி இருபது உப்புச்சக்கரை. நீங்கள் இல்லாமல் எனக்கு அது விசேஷமே இல்லை. ஆனால் ஒன்று, கோபப்படாமல் படியுங்கள். மாப்பிள்ளை வீட்டு அவிநாசிபாளையத்துக்காரர்கள் பழைய வழக்கம் பார்ப்பவர்கள். தட்டு மாற்றும்வரை மட்டும் நீங்கள் உள்ரூமில் இருந்தால் நல்லது என்று அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள். ஏசி இருக்கிறது. அரைமணி நேரம்தான். பிறகு ஒன்று: சுவரின் நிறம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளை சண்முகவேல் ஒன்றும் நினைக்க மாட்டார். அவர் அம்மா சகுனம் பார்ப்பவர்.

துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கீர்த்தனா


சேவூர்
ஆடி 24

துண்டு வந்தது. அட்டையில் வைத்து நாலு பக்கமும் பின் அடித்திருக்கிறாய். பக்கத்தில் அப்ரூவ்டு என்று சீல். கீழே உன் அப்பன் கையெழுத்து, வால் நீட்டி.

கண்ணு, உன் கடிதத்தை நான் ஆறு முறை படித்தேன். ஒரே இடத்தைத்தான் படித்தேன். 'சேலையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே.' உனக்குத் தெரியாது, அதனால் எழுதிவிட்டாய்.

அந்த மைக்கறை எப்படி வந்தது என்று சொல்கிறேன். என்னை மூலையில் உட்காரவைத்து அண்ணன் கோடியைப் போட்டபோது உன் அப்பனுக்கு ஒன்பது வயது. நாலாவது படித்தான். அவன் பேனா ஒழுகும், கை எப்போதும் நீலமாக இருக்கும். கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "இந்தச் சீலை வேண்டாம்மா, மஞ்சச் சீலையே கட்டிக்க" என்று என் தோளில் இருந்து பிடித்து இழுத்தான். அண்ணன் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். அப்போதும் விடவில்லை. அஞ்சு விரலும் பதிந்த கறை அது. பிரித்து வைத்துப் பார்த்திருந்தால் உனக்கே விரல் தெரிந்திருக்கும். நீ நிறம் பார்க்கிறவள், கறை உன் கண்ணில் படாது.

கறை வெளியே தெரியாமல் உள்மடிப்பில் வைத்து மடித்தேன். மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். அது என்ன சேலை என்று அவனுக்குத் தெரியும். எதற்கு வைத்திருக்கிறேன் என்றும் தெரியும். தெரிந்துதான் இந்தப் பக்கம் வெட்டு என்றான். தன் கை பட்ட இடத்தை விட்டுவிட்டு என் அண்ணன் கை பட்ட இடத்தை வெட்டச் சொன்னான். லைட் பாக்ஸில் வெகுநேரம் பார்த்தான் என்கிறாயே, நிறத்தையா பார்த்தான்?

அவனை வளர்க்க நான் பத்து வருஷம் பனியன் கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் நின்று, தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தேன். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வரக் கூடாது என்று காலையில் கம்பெனிக் கதவை நான் வரும் முன்பே திறந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் என்னைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுத் திறப்பார்கள். அதையும் பார்த்தவன் அவன். இப்போது அவனே எனக்கு உள்ரூம் காட்டுகிறான். என் நிறம் நடு ஹாலில் நிற்கலாம், வருகிறவர்கள் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். நான் நிற்கக் கூடாது.

உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்குத் திரி திரித்தது நான், எண்ணெய் ஊற்றியது நான். விளக்கேற்றும்போது என்னைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னது அவள் அம்மா. அப்போது வாயை மூடிக்கொண்டிருந்ததும் உன் அப்பன்தான்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். உன்னைப் பார்க்க வந்து மூன்று பேர் வேண்டாம் என்று போனார்கள். ஒருத்தன் உன் பல்லைச் சொன்னான், ஒருத்தன் நீ சிரிக்கவில்லை என்றான், ஒருத்தன் காரணமே சொல்லவில்லை. இது நாலாவது. நான் ஆவணி இருபது வருவேன். நடு ஹாலில் நிற்பேன். "இந்தச் செவுரு எந்தச் சீலையில இருந்து வந்துச்சுன்னு தெரியுமுங்களா?" என்று சண்முகவேலின் அம்மாவைக் கேட்பேன். அவர்களுக்குச் சகுனம் பிடிக்கும் என்கிறாயே.

பொன்னாத்தாள்


ராயபுரம்
16.8.2024

அப்பாயிக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. சேம்பிள் ரூமில் நின்றுகொண்டே மூன்று முறை படித்தார். மைக்கறை உண்மையா என்று கேட்டேன்.  கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவிநாசிபாளையத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மாளுக்கு ரெண்டு வருசமா மறதிங்க. ஆளுகளே தெரியறதில்லீங்க. இல்லாததை எல்லாம் இருந்த மாதிரி சொல்லுவாங்க. அன்னைக்கு ஏதாச்சும் சொன்னாங்கன்னா மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அதற்குச் சண்முகவேலின் அம்மா, "அய்யோ பாவமுங்க. எங்க மாமியாரும் அப்படித்தானுங்க. சோறு உண்டதே மறந்துட்டு மறுக்கா மறுக்கா கேப்பாங்க. நாங்க என்னங்க நெனைக்கப் போறோம்" என்றார்.

நீங்கள் இப்போது என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பால் கார்டு தொலைந்தால்கூட எந்தத் தேதிவரை வாங்கினோம் என்று உங்களைத்தான் கேட்போம். நான் போனைப் பிடுங்கி, பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் எழுதியது சரிதான், மூன்று பேர் போனார்கள். அதை எண்ணி வைத்திருப்பது நீங்கள் மட்டும் இல்லை. நாலாவதும் போகக் கூடாது என்று நினைத்தேன்.

இனிமேல் நீங்கள் வந்து எதைச் சொன்னாலும் நோய் பேசுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் வராமல் இருப்பதே உங்களுக்கு மரியாதை. இதை நான் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை.

கீர்த்தனா


சேவூர்
ஆவணி 6

சரி கண்ணு. எனக்கு மறதி. பெற்ற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சேலையைப் பற்றியும் சுவரைப் பற்றியும் ஒரு சொல் என் வாயில் வராது. அண்ணன்மேல் சத்தியம். நீ பயப்படாமல் பூ வைத்துக்கொள்.

ஆவணி இருபது காலை ஏழு மணிக்கு அங்கமுத்துவை அனுப்பு. கார் வேண்டாம், வேனே போதும். பனியன் கட்டுகளோடு உட்கார்ந்து வந்துவிடுவேன். மறதிக்காரிக்குத் தனியாக வழி தெரியாது அல்லவா.

பொன்னாத்தாள்


ராயபுரம்
7.9.2024

அப்பாயிக்கு,

நீங்கள் போய் இரண்டு நாள் ஆகிறது. இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதனால் நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன். நான் பார்த்தது சரிதானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தச் சேலையையே உடுத்திக்கொண்டு வந்தீர்கள். வேனில் இருந்து இறங்கியதைப் பார்த்து அம்மா கையில் இருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டாள். உள்ரூம் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. நேராக ஹாலுக்கு வந்து சுவரோடு நின்றீர்கள். சேலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முகமும் கையும் மட்டும் தனியாக நின்ற மாதிரி இருந்தது. அந்த வட்டத்துக்குள் உங்கள் தோள் தெரிந்தது. சண்முகவேலின் அம்மா எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்து, "பாட்டிக்குத் தக்கனதாப் பாத்து அடிச்சிருக்காங்க பாருங்க" என்று சிரித்தார். நான் செத்துவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். அவர் ஊர், அவர் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் பேர், அவர்கள் தோட்டத்து வேப்பமரத்தில் இடி விழுந்த வருஷம் எல்லாம் சொன்னீர்கள். அவர் அசந்துபோய், "மறதின்னு சொன்னாங்களேங்க" என்றார்.

அப்போதுதான் அப்பா வந்து உங்கள் தோளைத் தொட்டு, "வாங்கம்மா, உள்ள போய் உக்காரலாம்" என்றார்.

நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்தீர்கள். மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, "சாமி யாருங்க? மாப்பிள்ளை ஊட்டு ஒரம்பரைங்களா?" என்று கேட்டீர்கள்.

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள்.  அப்பா, "நான் உங்க மகனுங்கம்மா" என்றார். கேட்கவில்லை என்று காதில் கை வைத்தீர்கள். இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவது முறை கத்த வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு பையன் இருந்தானுங்க," என்றீர்கள். "நாலாவது படிச்சான். கை பூரா மையா இருக்கும். அவனைப் பாத்தீங்கன்னா வரச் சொல்லுங்க."

சண்முகவேலின் அம்மாவே அழுதுவிட்டார். "பெத்த பையனையே தெரியலீங்களே, இத்தனை நாள் எப்படித்தான் மனசுல வெச்சுட்டு இருந்தீங்களோ" என்று அப்பாவைத்தான் தேற்றினார். அப்பா அவர் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வேறு என்ன செய்ய முடியும்? சொன்னதே அவர்தான். தட்டு மாற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் கை மாறின. என் கல்யாணம் உறுதியாகிவிட்டது அப்பாயி. நீங்கள் சாப்பிட்டுவிட்டு, அங்கமுத்து அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேனில் ஏறிப் போய்விட்டீர்கள்.

நேற்று அப்பா முனீஸை வரச்சொல்லி ஹாலுக்கு வேறு வெள்ளை அடிக்கச் சொன்னார். "எந்த வெள்ளை அண்ணாச்சி?" என்று முனீஸ் கேட்டான். அப்பா ஷேடு கார்டை மடியில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார்.  முனீஸ் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, அம்மாளுக்கு நெசமாலுமே மறந்துபோச்சா?" என்று கேட்டார். சொன்ன பொய் அவருக்கே மறந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. "நான் போன் பண்ணுனா எடுப்பாங்களா? நான் பேசுனா தெரியுமா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒரு வார்த்தை எழுதுங்கள். அவரைத் தெரியும் என்று மட்டும் எழுதுங்கள். படித்துக் காட்டுகிறேன்.

கீர்த்தனா


சேவூர்
ஆவணி 26

கீர்த்தனா கண்ணு,

நீ பார்த்தது எல்லாம் சரிதான். ஒன்று மட்டும் தப்பு. நாற்பது பேர் இல்லை, முப்பத்தேழு. மூன்று பேர் வாசலில் செருப்போடு நின்றார்கள்.

துண்டை வைத்துத் தைத்துவிடலாம் என்று ஊசி நூல் எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஓட்டை அப்படியே இருக்கட்டும். நான் செத்தால் அந்தச் சேலையைத்தான் என்மேல் போட வேண்டும், ஓட்டை மேலே தெரியும்படி. நீயே போடு, வேறு யாரையும் தொட விடாதே. கொள்ளி வைக்க வருகிறவன் வரட்டும். தடுக்க மாட்டேன். அவன் குனியும்போது கண்ணுக்கு நேராக வட்டம் இருக்க வேண்டும். மைக்கறையை முன்போலவே உள்மடிப்பில் வை. அதைப் பார்க்கிற பாக்கியம் அவனுக்கு வேண்டாம்.

ஒரு வார்த்தை கேட்டாய். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அப்பன் கேட்டால், "ஆமாங்கப்பா, அப்பாயிக்கு நெசமாலுமே மறந்துபோச்சு" என்று சொல். எனக்காக நீ ஒரு பொய் சொல்லக் கடன்பட்டிருக்கிறாய். அன்றைக்குப் போனைப் பிடுங்காத கைதானே உன்னுடையது. சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிரு. அவன் இங்கே வந்தால் வாசலில் கட்டில் போட்டு உட்காரச் சொல்வேன், மோர் கொடுப்பேன், எந்த ஊருங்க என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

சுவரை மாற்ற வேண்டாம். நல்ல நிறம். நீ சரியாகத்தான் பார்த்தாய்.

அன்றைக்கு இருந்தவர்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். துண்டைக் கையில் வைத்திருந்த முனீஸ் பஸ் வரும்வரை என்னோடு நின்றான். அவனை அன்றைக்கே விட்டுவிட்டேன். அங்கமுத்து எடுத்துவரச் சொன்னதை எடுத்து வந்தான். அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சாந்தாமணி வேறு வீட்டிலிருந்து வந்தவள், என் சேலை அவளுக்கு என்ன தெரியும். விளக்கு விஷயத்தை மறக்க மாட்டேன், ஆனால் அதையும் விட்டுவிட்டேன். நீ வெட்டினாய், வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டாய், சண்முகவேலைக் கட்டிக்கொண்டு போகப் போகிறாய். போ. நல்லா இரு.

மிச்சம் ஒரு பேர் இருக்கிறது. எனக்கு மறதி வந்து சோறு தின்றது மறந்து, ஊர் மறந்து, என் பேரே மறந்தாலும் அது மறக்காது. நான் வைத்த பேர். தொட்டிலில் போட்டு மூன்று முறை காதில் சொன்ன பேர். மகுடேஸ்வரன்.